எழுபத்திரண்டாம் கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

வாய்தாவே கேட்கமாட்டேன் என்று போன தடவை நீதிபதியிடம் வாக்குக் கொடுத்த எதிர்த்தரப்பு வக்கீல், மத்தியானம் எழுந்து வாய்தா கேட்டார். பல்வலியாம். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அழகாகத்தான் கேட்டார். கிடைத்துவிட்டது.

காலையில் என் கட்சிக்காரரான கண்டக்டர் ஐயா கூண்டில் ஏறி முதல் விசாரணையில் தன் பக்கத்தை முழுக்கச் சொல்லிவிட்டார். பஸ்ஸிலேயே ஆயுளைக் கழித்தவர். கூண்டுக் கம்பியையும் பஸ் கம்பி போலவே பிடித்துக்கொண்டு, கால்களைச் சற்று அகட்டி வைத்து நின்றார், எப்போது வேண்டுமானாலும் பிரேக் போடுவார்கள் என்பதுபோல. தம்பி தன்னிடம் கையெழுத்து வாங்கியது ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆபரேஷனுக்கு முந்தின நாள். வைத்தியத்துக்கான காகிதம் என்று சொல்லித்தான் நீட்டினான். அது வீட்டையே எழுதிக் கொடுக்கும் பத்திரம் என்று தெரியாது. கண்ணாடியும் அப்போது கையில் இல்லை. இவ்வளவையும் இருமல் விட்ட இடைவெளிகளில் சொன்னார். குறுக்கு விசாரணைதான் பாக்கி. அது பல்வலியால் அடுத்த மாதத்துக்குப் போயிற்று.

வெளியே வந்ததும், "எல்லாம் சரியா சொல்லிட்டேனா வக்கீலம்மா?" என்றார்.

"சரியா சொன்னீங்க. இனிமே அவங்க கேக்குறதுக்குப் பதில் சொன்னா போதும்."

"கேக்கட்டும். பஸ்ல கேக்காத கேள்வியா?"

வீட்டுக்கு வந்து தேர்வாணையத்தின் இணையதளத்தைத் திறந்தேன். 'விரைவில் வெளியிடப்படும்.' அதே வரி. அக்கா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டே, "வந்துச்சா?" என்றாள். "இல்ல." எங்கள் வீட்டில் இப்போது 'சாப்பிட்டியா'வுக்குப் பதில் இதைத்தான் கேட்டுக்கொள்கிறோம்.

மார்ச் 9, ஞாயிறு

நூலகம் போனேன். படிக்க இனி ஒன்றும் இல்லை. நீதிபதி பதவிக்கான எழுத்துத் தேர்வு முடிந்து, நேர்முகமும் முடிந்து, இரண்டையும் கூட்டிய மதிப்பெண் வருவதுதான் பாக்கி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் கால் தானாக அங்கே போகிறது. பல்லியும் வந்திருந்தாள், அதே ஜன்னலோர மேசையில்.

சட்டக் கல்லூரியில் எனக்குப் பல வருடம் பின்னால் படித்தவள். நான் எதையாவது தப்பாகச் சொன்னால் வாயைத் திறக்காமல் 'ச்சு ச்சு' என்பாள். அதனால் பல்லி. அவள் என்னை 'சீனியர்' என்கிறாள். வயதை மரியாதையாகக் குத்திக்காட்டும் வழி. இது எனக்குக் கடைசித் தடவை. அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பைத் தாண்டியிருப்பேன். அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

மறுபடியும் எழுத்துத் தேர்வின் எழுபத்திரண்டாம் கேள்வியை எடுத்துவிட்டேன். ஒரு சாட்சி முதல் விசாரணையில் சாட்சி சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும் முன் இறந்துவிட்டார். அவர் சொன்னதை என்ன செய்வது? முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்பது 'அ'. ஒதுக்க வேண்டியதில்லை, அதற்கு எவ்வளவு மதிப்பு என்று நீதிபதி எடைபோடலாம் என்பது 'ஆ'. 'ஆ' தான் சரி. எனக்கு நன்றாகத் தெரியும். வேலை பழகும் ஜூனியர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடைசி நேர அவசரத்தில் கை 'அ'வைக் கறுப்பாக்கிவிட்டது.

"பரீட்சையன்னிக்கு வீட்டுக்குப் போற வழியிலகூட அதையே சொல்லிட்டு வந்தீங்க சீனியர். மறந்துடுங்க. ஒரு கேள்விதானே."

ஒரு கேள்விதான்.

மார்ச் 18

வரவில்லை.

மார்ச் 27

கண்டக்டர் ஐயா காலமாகிவிட்டார். மருந்துக்கடையில் வேலை செய்யும் அவருடைய மகள் போன் செய்தாள். நெஞ்சுச் சளி, பிறகு மூச்சு, முடிந்துவிட்டது. போய் வந்தேன். வழக்கு நடக்கும் அந்த வீட்டில் அல்ல, மகளின் ஒற்றை அறையில் கிடத்தியிருந்தார்கள். தம்பி வந்தான். தலைமாட்டில் நின்று அழவும் செய்தான். பொய் அழுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. முதல் விசாரணை முடிந்தது. குறுக்கு விசாரணை நடக்கவில்லை. சாட்சி இல்லை.

கேள்வித்தாளில் அந்தச் சாட்சிக்கு இருமல் இருந்ததாகப் போடவில்லை.

ஏப்ரல் 3

வந்துவிட்டது.

நீதிமன்ற வராந்தாவில் போனில் பார்த்தேன். எண்ணைத் தேடிக் கீழே, கீழே, இன்னும் கீழே போனேன். இல்லை என்றே முடிவு செய்து, போனை மூடப் போகும்போது கடைசி வரியில் இருந்தது. என் எண். மறுபடி பார்த்தேன். நுழைவுச்சீட்டை எடுத்து ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தேன். நான்தான்.

நர்ஸான அக்கா வார்டில் டியூட்டியில் இருந்தாள். போன் எடுத்தவளிடம் "வந்துச்சு" என்று மட்டும்தான் சொன்னேன். உடனே பக்கத்தில் யாரிடமோ, "என் தங்கச்சி ஜட்ஜ் ஆயிட்டா, இந்த ஊசிய கொஞ்சம் பிடி" என்றது கேட்டது. அப்புறம் அழுதாள். அம்மாவும் அப்பாவும் போனபோதுகூட என் முன்னால் அழாதவள். அன்றிலிருந்து என்னைத் தூக்கிச் சுமந்ததில் தன் கல்யாணத்தை எங்கே வைத்தோம் என்றே மறந்துபோனவள்.

பல்லிக்கு இல்லை. ஒரு மதிப்பெண்ணில் போயிற்று. "வாழ்த்துகள் சீனியர்" என்று உடனே அனுப்பினாள். நான்தான் பதில் எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 4

விடைக்குறிப்பையும் இன்று வெளியிட்டிருக்கிறார்கள்.

எழுபத்திரண்டு: 'அ'.

மூன்று தடவை பார்த்தேன். தேர்வாணையம் தப்பான விடையைச் சரி என்று வைத்திருக்கிறது. நான் தப்பாக எழுதினேன், மதிப்பெண் கிடைத்தது. அவள் சரியாக எழுதினாள், போய்விட்டது.

அக்கா இன்று வார்டில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாளாம்.

ஏப்ரல் 5

நான் திருடவில்லையே. யாரோ தப்பாக வைத்தார்கள். நானா போய்க் கேட்டேன்?

ஏப்ரல் 12

தபாலில் நோட்டீஸ். எழுபத்திரண்டாம் கேள்வியின் விடையைத் திருத்தி, மதிப்பெண்களை மறுபடி கூட்டச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனு. மனுதாரர் பல்லி. எதிர்த்தரப்பில் தேர்வாணையமும், தேர்வான நாங்கள் எல்லோரும்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன ஞாயிறு நூலகத்தில் எதிரே உட்கார்ந்து என் பேனாவை வாங்கி எழுதினாளே, அப்போதே மனு தயாராகியிருக்கும். சிரித்துக்கொண்டே இருந்தாள்! உனக்கு இன்னும் வயது இருக்கிறதடி. காத்திருந்தால் குறைந்தா போய்விடுவாய்? என் கடைசி வண்டியை மறித்துத்தான் நீ ஏற வேண்டுமா?

எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை. இன்று நான் இப்படித்தான் இருந்தேன்.

ஏப்ரல் 16

தேர்வானவர்கள் கூடினோம். நல்ல பெயருள்ள ஒரு பெரிய வக்கீலைப் பிடித்திருக்கிறார்கள். விடைக்குறிப்பு சரியானதே என்று நாங்கள் எல்லோரும் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஒரே வாசகம், கீழே அவரவர் கையெழுத்து.

பட்டியலில் மேலே இருப்பவர் ஒருவர், கவலையே இல்லாதவர், என்னிடம் மெல்ல, "உங்களுக்குத்தான் மேடம் இது முக்கியம். நீங்க கடைசில இருக்கீங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அக்காவிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டேன். இந்த வயதில் அக்காவிடம் கேட்டுவிட்டு! எல்லோரும் சிரித்தார்கள்.

ஏப்ரல் 19

கண்டக்டரின் மகள் வந்திருந்தாள். கடைச் சீருடையிலேயே, சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தவள். வழக்கை இனி அவள்தான் நடத்த வேண்டும். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களைக் காட்டினேன். போட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"சித்தப்பா சொல்றாரு, அப்பா சொன்னதெல்லாம் இனிமே செல்லாதாம். அவங்க வக்கீலு கேள்வி கேக்கறதுக்குள்ள செத்துட்டாராம். அப்பா சொன்னது வீணாப் போச்சாம்மா?"

"இல்ல."

"நெசமாவா?"

"உங்கப்பா சொன்னத ஜட்ஜ் படிக்கலாம். நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஆனா செத்துட்டாருங்கறதுக்காக எடுத்துக் குப்பைல போட முடியாது. அத நான் கோர்ட்ல சொல்லுவேன்."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்கு ஓடினாள்.

பையைத் திறந்தபோது அவள் கையெழுத்துப் போட்ட காகிதமும் நான் கையெழுத்துப் போடவேண்டிய காகிதமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு நீதிமன்றத்தில் 'ஒதுக்கக் கூடாது' என்று நிற்கப்போகிறேன். இன்னொன்றில் 'ஒதுக்கியே ஆக வேண்டும்' என்று சத்தியம் செய்து தர வேண்டும். அதுவும் ஒரே வாயால்.

ஏப்ரல் 21

கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்று பெரிய வக்கீலின் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "போடலன்னா பரவாயில்லம்மா. பேசாம இருந்தா போதும்" என்றார்.

பேசாமல் இருப்பது. இது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? பொய்யும் இல்லை, இழப்பும் இல்லை. நீதிமன்றம் என்ன முடிவு செய்கிறதோ அது. வருகிற வழியில் மனசு பஞ்சு மாதிரி இருந்தது.

ஏப்ரல் 22

பஞ்சு மாதிரி ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 29

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உயர் நீதிமன்றத்தில் பின் வரிசையில் உட்கார்ந்தேன். பேசப் போவதில்லை என்று முடிவு செய்துதான் போனேன். பல்லி முன்னால், தன் வக்கீலுக்குப் பின்னால் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் வக்கீல் பேசினார். பிறகு எங்கள் பெரிய வக்கீல் எழுந்து, அப்படியும் ஒரு கருத்து உண்டு, இப்படியும் ஒரு கருத்து உண்டு, தேர்வாணையத்தின் நிபுணர்கள் ஒன்றை ஏற்றிருக்கிறார்கள் என்று சாமர்த்தியமாகக் கொண்டுபோனார். கேட்கக் கேட்க எனக்கே அது நியாயம்போலத் தோன்றிக்கொண்டு வந்தது. முடிக்கிற இடத்தில் சொன்னார்: "சட்டம் படித்து, தேர்ச்சி பெற்று, நாளை நீதிபதிகளாக உட்காரப் போகிறவர்கள் அனைவரும் இந்த விடையே சரி என்று உளமார நம்புகிறார்கள்."

அனைவரும்.

எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்த ஞாபகமே இல்லை. எழுந்திருந்தேன்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரும்மா நீங்க?"

"எதிர் மனுதாரர்கள்ல ஒருத்தி, ஐயா. பட்டியல்ல கடைசில இருக்கேன். அனைவரும்னு சொன்னாங்க. நான் அதுல இல்ல."

பெரிய வக்கீல் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு டாக்டர் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அந்தக் கேள்விக்கு நீங்க என்ன விடை எழுதினீங்க?"

"'அ' எழுதினேன், ஐயா. ஆன்சர் கீ சொல்ற விடைதான். அது தப்பு. எழுதி முடிச்சு வெளிய வரும்போதே தப்புன்னு தெரியும்."

"திருத்தினா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும், ஐயா. அது தெரிஞ்சதாலதான் இத்தனை நாளா பேசாம இருந்தேன்."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். உட்காரச் சொன்னார். உத்தரவு பிறகு என்றார். பல்லி கடைசிவரை திரும்பவே இல்லை. அவள் கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவள் காலை நீட்டி வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னதும் கை நின்றுவிட்டது.

"உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"உக்காந்திருந்தா போதுமேடி. வாயில என்ன முள்ளா குத்துச்சு? அவ இன்னும் எத்தனை தடவை வேணா எழுதுவா. உனக்கு ஏதுடி இன்னொரு தடவை?"

நான் சட்டத்தை விளக்க ஆரம்பித்தேன். அசடு! அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ யாருக்கோ நியாயமா நடந்துக்கிட்டே. சரி. எனக்கு நியாயமா நடந்துக்கிட்டியா?"

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மே 2

பெருமைக்காகச் செய்தேனா? அந்த ஒரு நிமிடம் எல்லோரும் என்னைப் பார்த்தார்களே, அது எனக்குப் பிடித்திருந்ததா? கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. அந்தக் கொஞ்சத்தை வைத்து மொத்தத்தையும் கெட்டது என்று சொல்லிவிடலாமா? தெரியவில்லை. என்னை நானே குறுக்கு விசாரணை செய்துகொள்வதில் ஒரு தொல்லை — சாட்சி சாமர்த்தியசாலி.

அக்கா பேசுவதில்லை. தட்டில் சோறு இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. பேச்சுதான் இல்லை.

மே 23

உத்தரவு வந்தது. எழுபத்திரண்டாம் கேள்விக்கு 'ஆ' தான் சரி. மறுபடி கூட்டிப் புதிய பட்டியல் போட வேண்டும். காரணங்களாகச் சட்டத்தையும் பழைய தீர்ப்புகளையும்தான் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நான் எழுந்து நிற்காவிட்டாலும் இதே தீர்ப்புத்தான் வந்திருக்கும்போல.

அப்படியானால் நான் எழுந்தது எதற்கு?

ஜூன் 5

புதிய பட்டியல். பல்லி இருக்கிறாள். நான் இல்லை.

அழுகை வரும் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். வரவில்லை. கதவைத் திறந்துவிட்டேன்.

ஜூன் 10

பல்லி வீட்டுக்கு வந்தாள். பயிற்சிக்குக் கிளம்ப வேண்டுமாம். அக்கா கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"கேஸ் போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லியிருக்கணும் சீனியர்."

"சொல்லியிருந்தா?"

"நீங்க ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டீங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டு நான் போடாம விட்டிருப்பேன்."

"அதான் சொல்லலியா?"

"அதான்."

இவ்வளவு நேராக ஒருத்தி பேசினால் என்ன செய்வது? கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் முதல் தீர்ப்பை எனக்கு அனுப்புவதாகச் சொன்னாள். "தப்பு இருந்தா?" என்றேன். "ச்சு ச்சுன்னு சொல்லுங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவளுக்கும்.

ஜூன் 26

கண்டக்டர் வழக்கில் இன்று தீர்ப்பு. இறந்தவரின் சாட்சியத்தை ஒதுக்க வேண்டியதில்லை என்ற என் வாதத்தை நீதிபதி ஏற்றுக்கொண்டார். முழுதாகப் படித்தும் இருக்கிறார். பிறகு, கேள்வி கேட்டுச் சோதிக்கப்படாத அந்தச் சொல்லை மட்டும் வைத்துப் பதிவான பத்திரத்தை ரத்து செய்ய முடியாது என்று எழுதி, வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டு படியிறங்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"அப்பா சொன்னதப் படிச்சாங்களா?"

"படிச்சாங்க. ஆனா அது மட்டும் பத்தாதுன்னுட்டாங்க."

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரில அப்பா கையெழுத்துப் போட்டப்ப பக்கத்துக் கட்டில்ல இருந்தவரு இன்னும் உயிரோடதான் இருப்பாரும்மா. அவர எங்கியாவது தேடினா ஆகுமா?"

ஆகும் என்று உறுதியாகச் சொல்லவில்லை. மேல்முறையீட்டில் புதிய சாட்சியைச் சேர்ப்பது லேசில்லை, கேட்டுப் பார்க்கலாம் என்றேன். கட்டில் எண் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அந்த வார்டில் அப்போது யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஜூலை 15

இன்று அக்காவுக்கு வார விடுமுறை. காலையில் நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வராந்தாவில் திரும்பினால் எதிரே நிற்கிறாள். வெளியூருக்குப் போகும்போது மட்டும் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. இத்தனை வருடத்தில் அவள் நீதிமன்றத்துக்கு வந்ததே இல்லை. நான் நீதிபதியானதும் ஒருநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண். அக்காவின் வார்டில் துப்புரவு வேலை செய்கிறவளாம். புருஷன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், கண்ணில் காட்டமாட்டேன் என்கிறான்.

அக்கா கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தாள். கறுப்புக் கோட்டுகள், கத்தை கத்தையாகக் காகிதம், சுவரில் சாய்ந்து தூங்கும் கிழவர், எல்லாவற்றையும்.

"இங்கதான் நாள் முழுக்க நிக்கிறியா?"

"ஆமா."

"கால் வலிக்காது?"

"வலிக்கும்."

ஏப்ரலுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான். பிறகு என்னை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசும் அதே குரல்.

"இங்க பாரு. இவ என் தங்கச்சி. கேஸ் ஜெயிக்குமான்னு இவகிட்ட கேக்காத, சொல்லமாட்டா. உனக்குப் பிடிச்ச மாதிரியும் பேசமாட்டா. உள்ளத உள்ளபடி சொல்லுவா. அது இவளுக்கு ஒரு வியாதி, மருந்து கிடையாது. ஆனா உன்ன நடுவுல விட்டுட்டுப் போகமாட்டா."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம்.

அக்கா பெஞ்சில் நகர்ந்து, எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்து, குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டேன்.